கருங்கல்லும் குடிஜலமும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் கிணறு வெட்டும் குடியானவருக்கு, மண்ணைத் தாண்டியதும் எதிர்ப்படுவது கடும்பாறையே. கருங்கல்லில் வெங்கச்சங்கல், பெல்ஸ்பார், காக்காப்பொன் எனப்படும் அப்பிரகம் முதலியவை கலந்திருக்கின்றன. அப்பிரகம் மிகுந்து ஏடு ஏடாகப் பிரியும் பாறைக்கு ஷிஸ்ட் என்று பெயர்.

இவற்றோடு யுரேனியம், தோரியம் என்னும் உலோகங்களும் சொற்ப அளவில் உண்டு. சாதாரணக் கருங்கல் ஒரு டன்னில் யுரேனியம் சுமார் 3 முதல் 5 கிராம் வரை இருக்கலாம். அது தானே சிதைந்து கதிர் வீசும் இயல்புடையது. இதனை 1896ல் பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கரல் கண்டறிந்தார். இன்றைய ஜார்க்கண்டிலுள்ள ஜாதுகுடாவில் ஷிஸ்ட் பாறைகளிலிருந்து இதை வெட்டியெடுக்க 1967ல் சுரங்கம் தொடங்கப்பெற்றது.

இதைக் கேட்டு வீட்டிலுள்ள அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. கவனிக்கத்தக்கது ஜலமே. ஆழ்குழாய்க் கிணற்றின் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிய ஜலம், பாறையிலுள்ளவற்றைக் கரைத்துக்கொள்கிறது. ரேடான் என்னும் வாயு, ஜலத்தைத் திறந்து ஊற்றி வைத்தால் பெரும்பாலும் வெளியேறிவிடும். யுரேனியமோ காய்ச்சினாலும் போகாது. ஜலம் வற்ற வற்ற அதன் செறிவு மிகும். அது மூத்திரக்காய்களைக் கெடுக்கும். லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை.

அதே பாறைகளிலிருந்து கரையும் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், குழந்தைகளின் பற்களில் கறை படியும். மிக அதிகமானால் நாளடைவில் எலும்புகளும் வளையும். இத்துன்பத்தை நீக்கவே தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் காவேரி ஜலம் தரும் ஒகேனக்கல் திட்டம் 2013ல் தொடங்கிவைக்கப்பெற்றது.

இவ்விரண்டிற்கும் நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. ஆகவே கண்ணையும் நாவையும் நம்பலாகாது. பரிசோதனை ஒன்றே வழி. தனியொருவருக்குச் சுமையாகும் இக்காரியம் சங்கத்திற்கு எளிது. கிராமத்துக் குடிஜலக் கிணறுகளுக்கு வரிசை எண் இட்டு, சுத்தமான புட்டிகளில் ஜலம் எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லாப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புக. புளோரைடு, யுரேனியம் இரண்டையும் சோதிக்குமாறு எழுத்தில் கேட்க வேண்டும். முடிவைச் சங்கக் கட்டடத்தில் யாவரும் காண எழுதி வைக்க வேண்டும்.

கெட்டதெனத் தெரிந்த ஜலம் குளிக்கவும் துவைக்கவும் உதவும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் சுத்தமாகச் சேமித்த மழை ஜலத்தையோ, சவ்வு வழியே வடிகட்டும் யந்திரத்தின் ஜலத்தையோ கொள்ளலாம். யந்திரத்தை ஒரு வீட்டார் வாங்குவதினும் சங்கம் பொதுவில் வாங்குவது சிக்கனம்.

பாறையை மாற்ற ஒருவராலும் இயலாது. குழந்தைகள் குடிக்கும் ஜலத்தைத் தேர்ந்தெடுக்க சங்கத்தால் இயலும்.