பவளத்துக்கு அவசரம் ஆகாது



சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா மகன் போன வாரம் கூப்பிட்டான். வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்துப் பத்து நாள் ஆகிறதாம். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு மாமா, நாளைக்குப் பவளம் வாங்கப் போறேன்" என்றான். போகாதேடா என்றேன்.

தண்ணீர் தெளிவதற்கும் தொட்டி பதமாவதற்கும் சம்பந்தமே இல்லை. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகினால் அமோனியா வரும். அது நஞ்சு, கண்ணுக்குத் தெரியாது. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் கெடுதல்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அதுதான் ஓரளவு சாது. இந்தப் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக, பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கடையில் விற்கும் சோதனைச் சொட்டு மருந்தால் பாருங்கள். மீன் விடுவதற்கு முன்பே கொஞ்சம் அமோனியாவைக் கலந்துவிட்டு, மறுநாள் அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் என்று காட்டினால், மீன் விடலாம். அப்போதும் ஒன்றிரண்டுதான். பவளம் இன்னும் பொறுக்க வேண்டும்.

ஏனென்றால் பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு சமைத்து அதற்கும் பங்கு தருகின்றன. சூடு அளவு மீறினாலே இந்தக் கூட்டுக்குடித்தனம் முறிந்து பவளம் வெளுத்துப்போகும். வெப்பம் 25, 26 டிகிரி. உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவில். இதில் சற்று முன்பின் இருந்தாலும் பவளம் பழகிக்கொள்ளும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று ஆடினால்தான் தாங்காது.

பையனிடம் விசாரித்தால், ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதிலாக உப்புநீரையே ஊற்றி வந்திருக்கிறான்! தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு எங்கே போகும்? உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். குறைந்த அளவுக்குச் சுத்திகரித்த நல்ல தண்ணீரைத்தான் தினமும் ஊற்ற வேண்டும்.

முதல் சில வாரங்களில் மணல் மேல் பழுப்புப் படலம் வரும், பிறகு பச்சைப் பாசி வரும். பதறித் தொட்டியைக் கலைத்துவிடாதீர்கள். புதுத் தொட்டி என்றால் அப்படித்தான். அது அடங்கி, பாறையில் இளஞ்சிவப்புப் பொருக்கு படரத் தொடங்கினால் நல்ல சகுனம். அந்தப் பொருக்கும் ஒரு பாசிதான், பவளத்தைப் போலத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்து வளர்வது.

இரண்டு மூன்று மாதம் ஆனபின், காளான் பவளம் போன்ற மென்பவளம் ஒன்றே ஒன்று வையுங்கள். அடியில், வெளிச்சம் குறைந்த இடத்தில். இரண்டு வாரம் அது விரிந்து நின்றால் அடுத்தது. கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா போன்ற கல்பவளத்துக்கு ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம் காத்திருப்பதே என் கணக்கு. பொத்தான் பொத்தானாக இருக்கும் சோவாந்திட் இனத்தில் சிலவற்றுக்குக் கடும் விஷம் உண்டு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவே போடாதீர்கள்.

இத்தனையும் அவனுக்கு. நம் ஊரில் கதை வேறு. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்போடு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. ஆகவே ராமேசுவரம் பக்கம் போகிறவர்கள், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த துண்டாக இருந்தாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.