பழக்கமும் ஒரு மூலதனமே!



நம்ம பத்தமடைப் பாயை ஊருலகம் அறியும். புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. கோரையைக் கிழிச்சு, காயவச்சு, ஊறப்போட்டு, சாயம் ஏத்தி நெய்யுறது பெரும்பாலும் பெண்கள்தான். ஆனா ஒரே ஒரு வியாபாரியை மட்டும் தெரிஞ்சா, அவர் சொன்னதுதான் விலை! எந்தத் தொழிலுக்கும் இதே கதைதான்.

1978-ல் சென்னையில் ஜெயா அருணாசலம் அவர்கள் ‘வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ தொடங்கினாங்க. காய்கறி, பூ விற்ற பெண்கள் அக்கம்பக்கமாகக் குழு சேர்ந்து, ஒருத்தர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேத்தாங்க. ஈடு வைக்கச் சொத்து இல்லை. பழகின நம்பிக்கை இருந்தது.

நாமும் செய்யலாமே! கண்காட்சிக்குப் போனா பக்கத்துக் கடைப் பெண்ணிடம் பேசுங்க. பொருள் வாங்கினவங்க பேர், போன் நம்பரை நோட்டில் எழுதுங்க. ஆர்டர் இல்லாத மாசமும் நலம் விசாரிங்க. உங்களால முடியாத ஆர்டரை அடுத்த குழுவுக்குக் கைகாட்டி விடுங்க. நாளைக்கு அவங்களும் நம்மை நினைப்பாங்க.

காரியத்துக்கு மட்டும் பேசுனா அது உறவு இல்லை. முதல்ல நாம கொடுப்போம். இந்த மாதக் கூட்டத்திலேயே வேறொரு குழுச் சகோதரியிடம், “என்ன தொழில் பண்றீங்க, நான் என்ன உதவி செய்யட்டும்?” என்று கேளுங்க.