எல்லாப் பிள்ளைக்கும் மேடை



வேல்ஸ் நாட்டில் மே மாதக் கடைசியில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை. அந்த வாரத்தில்தான் ‘உர்த்’ என்ற இளையோர் அமைப்பின் எய்ஸ்டெத்வொட் கலைவிழா நடக்கிறது. பாட்டு, கவிதை ஒப்பித்தல், மரக்காலணி ஆட்டம், நாடகம் என்று பல போட்டிகள். மேடையின் மொழி வெல்ஷ். இரண்டாம் வகுப்பும் அதற்குக் கீழும் படிக்கும் வாண்டுகளுக்குக்கூடத் தனிப் போட்டி உண்டு.

பிள்ளைகள் விளையாடுவதும் படிப்பதும் ஆங்கிலத்தில் ஆகிவிட்டதே என்று ஒருவர் கலங்கியதில் பிறந்தது இந்த அமைப்பு. அவர் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ். தம் தந்தை தொடங்கிய சிறுவர் இதழில், 1922இல் அவர் பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளையே இந்த அமைப்பில் சேர அழைத்தார். ஏழாண்டு கழித்து, 1929இல், கோர்வென் ஊரில் முதல் விழா. அன்றிலிருந்து ஊர் ஊராகப் போகிறது.

வட்டாரச் சுற்று, மாவட்டச் சுற்று தாண்டி வரும் பிள்ளைகளுக்கு முன்பெல்லாம் விழாவன்று காலையிலும் ஒரு வடிகட்டல் இருந்தது. தேறிய மூன்று பேரே பெரிய மேடை ஏறுவார்கள். அமைப்புக்கு நூற்றாண்டு நிறைந்த 2022இல், டென்பியில், அந்த வடிகட்டலை எடுத்துவிட்டார்கள். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று அரங்குகள் எழுப்பி, வந்த பிள்ளைகள் அனைவரையும் மேடையேற்றினார்கள். இந்த நூறாண்டு வரலாற்றில் போற்றத்தக்க முடிவு இதுவே.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் வெல்ஷ் பேசாமல் பள்ளியில் அதை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் தனிப் போட்டிகள். அவர்கள் தாய்மொழியாகப் பேசுவோரோடு மோதித் தோற்க வேண்டியதில்லை.

விழா மட்டுமே மொழியைக் காத்துவிடாது. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் பேசுவோர் நூற்றுக்கு 17.8 பேர்தான். வெல்ஷ் வழிப் பள்ளிகளும் வீடுகளும் சேர்ந்தே அதைத் தாங்குகின்றன. ஆனால் பள்ளியில் படித்த சொல்லை நாலு பேர் முன்னே உரக்கச் சொல்லிப் பார்க்க ஓர் இடம் வேண்டும் அல்லவா?

நம் தமிழ்ச் சங்க மேடைகளிலோ ஒலிப்பதிவுப் பாட்டுக்கு அழகாக ஆடிவிட்டு, ஒரு தமிழ்ச் சொல்லும் பேசாமல் இறங்கும் பிள்ளைகள் பலர். குறள் போட்டியில் பரிசு பெறுபவர் வழக்கமான சிலர். ‘ழ’ வராத பிள்ளை கூச்சத்தோடு அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நிற்கிறது.

சங்க நிர்வாகிகளே, அடுத்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் அந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளுக்குத் தனிப் போட்டி வையுங்கள். பெயர் கொடுத்த ஒருவரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.