கேள்வியைத் திருத்திய ஆய்வு: பள்ளியும் பேச்சுத்தமிழும் பல்கலைக்கழகமும்



சமுதாயத்தின் சிக்கல்களைத் தீர்ப்பதில் பல்கலைக்கழக ஆய்வு எவ்வாறு உதவுகிறது என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இது மருத்துவர்களும் பொறியாளர்களும் பொருளியலாரும் பல நாள் பேசத்தக்க பொருள். நான் அறிந்தது மொழியியல் ஒன்றே. ஆதலால் ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பிள்ளை தமிழில் வாய் திறக்கத் தயங்குவது ஏன்?

2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவுகள் வெளிவந்தபோது என் தொலைபேசி ஓயவில்லை. ஐந்தும் அதற்கு மேலும் வயதுடைய இந்தியக் குடியிருப்பாளருள், வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே என்று கூறியோர் 2010இல் 41.6 விழுக்காடு, 2020இல் 59.2 விழுக்காடு. தமிழ் என்று கூறியோர் 36.7 விழுக்காட்டிலிருந்து 27.3 விழுக்காடாகக் குறைந்திருந்தனர். "தமிழ் போய்விட்டதா ஐயா?" என்றே அழைத்தவர் பலரும் கேட்டனர்.

அக்கவலை உண்மையானது, நானும் அதைச் சுமப்பவனே. ஆயினும் ஆய்வாளன் முதலில் பார்க்க வேண்டியது, எண் எந்தக் கேள்விக்கு விடையாகக் கிடைத்தது என்பதை. இங்கே 'இந்தியர்' என்பதில் மலையாளிகள், பஞ்சாபியர், இந்தி பேசுவோர் முதலிய பலரும் அடங்குவர். தமிழர் அதில் பாதிக்குச் சற்று அதிகமானோரே. மேலும், கேள்வி 'மிகுதியாக' எம்மொழி என்பதே. அதே கணக்கெடுப்பில், வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசும் குடியிருப்பாளருள், எல்லா இனத்தவரையும் சேர்த்து, 87 விழுக்காட்டினர் தம் இன மொழி ஒன்றையும் வீட்டில் பேசுவதாகக் கூறியிருந்தனர். அதுவே தமிழருக்கும் பொருந்துமாயின், தமிழ் பல வீடுகளைவிட்டு வெளியேறிவிடவில்லை. நடுக்கூடத்திலிருந்து அடுக்களைக்கு நகர்ந்திருக்கிறது. வெளியேறியவரை அழைத்துவரும் முறை வேறு. அடுக்களையில் இருப்பவரை மீண்டும் கூடத்திற்கு அழைக்கும் முறை வேறு.

அந்த அடுக்களைத் தமிழ் எத்தகையது? அது பேச்சுத்தமிழ். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சார்லஸ் ஃபெர்குசன் என்னும் அமெரிக்க மொழியியலார் 1959இல் எழுதிய கட்டுரை ஒன்று எங்கள் துறையின் போக்கையே மாற்றியது. அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹெய்ட்டியின் கிரியோல் ஆகிய சூழல்களை எடுத்துக்கொண்டு, ஒரே சமுதாயத்தில் ஒரு மொழி இரு வழக்குகளாக நிலைபெறுவதை அவர் விளக்கினார். உயர் வழக்கு எழுத்துக்கும் மேடைக்கும் உரியது. அது எவர்க்கும் தாய்மடியில் கிடைப்பதில்லை, பள்ளியில் கற்றே வரவேண்டும். தமிழ் இவ்வகைக்கு மிகப் பொருத்தமான சான்று. அடுத்த ஆண்டே பேராசிரியர் மு. சண்முகம் பிள்ளை எழுத்துத்தமிழ், பேச்சுத்தமிழ் வேறுபாட்டை விளக்கி ஆய்வுக்கட்டுரை எழுதினார்.

'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பதை எந்த வீட்டில் எந்தத் தாய் சொல்கிறாள்? 'வந்துகிட்டிருக்காங்க' என்றுதான் சொல்கிறாள். தமிழகச் சிற்றூரில் வளரும் குழந்தை, தெருவெல்லாம் பேச்சுத்தமிழ் கேட்டு, பேசி, சண்டையிட்டு முடித்த பிறகு பள்ளியில் எழுத்துத்தமிழைச் சந்திக்கிறது. இங்கோ நிலைமை தலைகீழ். 1966இல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. 1987இல் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் என்பது நாளில் ஒரு பாடவேளை. அந்தப் பாடவேளையில் கிடைப்பது எழுத்துத்தமிழ் மட்டும் என்றால், தோழனிடம் ஒரு பென்சில் இரவல் கேட்கவும் அப்பிள்ளைக்குத் தமிழ் இல்லை. பாட்டியிடம் கேட்டுப் பழகிய ஓரளவு பேச்சுத்தமிழோடு வரும் பிள்ளையோ, வாய் திறந்தவுடன் 'கொச்சை' என்று திருத்தப்படுகிறது. ஒன்றுக்கு மொழி கிடைக்கவில்லை. மற்றொன்றிடமிருந்து இருந்ததும் பறிக்கப்படுகிறது.

இதைப் பிறர் பிழையாக மட்டும் சொல்லிச் செல்ல எனக்கு உரிமையில்லை. தொண்ணூறுகளில் ஒரு பள்ளியில் தொடக்கநிலை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பேச்சுத்திறனை அளக்கச் சென்றேன். தனியறை, மேசை, ஒலிப்பதிவுக் கருவி, ஒரு படம். படத்தில் மரத்தின்மேல் ஏறிவிட்ட பூனை, கீழே ஏணி கொண்டுவரும் ஒருவர், ஏணியைக் கவ்வி இழுக்கும் நாய். "இப்படத்தில் நீ காண்பவற்றை விவரித்துக் கூறு" என்றேன். அச்சிறுமி நெடுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "பூனை" என்றாள். பின்னர், "மரம்". அவ்வளவுதான். என் குறிப்பேட்டில் 'சொல்வளம் மிகக் குறைவு' என்று எழுதினேன். அன்று பதினோரு பிள்ளைகளுக்கு ஏறத்தாழ அதையே எழுதினேன்.

மதியம் பள்ளி வாயிலில் பேருந்துக்குக் காத்திருந்தேன். அச்சிறுமியை அழைத்துச் செல்ல அவள் பாட்டி வந்திருந்தார். "பசியாறுனியாம்மா?" என்று கேட்ட பாட்டிக்கு அவள் விடை சொல்லவே இல்லை. "பாட்டி, இன்னைக்கு ஒரு சார் வந்து படம் காட்டுனாரு. பூனை மரத்துல ஏறிட்டு எறங்கத் தெரியாம கத்துது. ஒரு அங்கிள் ஏணி எடுத்துட்டு வராரு, ஆனா அந்த நாய் விடவே மாட்டேங்குது!" என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனாள். நான் அளந்தது அவள் தமிழை அன்று. என் கேள்வியின் தமிழை. அவ்வாரமே எல்லாப் பதிவுகளையும் ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளை இருவர் இருவராகத் தரையில் அமரவைத்துப் பேச்சுத்தமிழில் மீண்டும் தொடங்கினேன். ஆய்வு பல மாதம் தாமதமாயிற்று. நிதி அளித்தவர்களிடம் விளக்கம் எழுதுவது எளிதாக இல்லை.

வெட்கத்தை அதிகமாக்கியது எதுவென்றால், இதே பாடத்தை வில்லியம் லபோவ் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கற்பித்திருந்தார்; நானும் அதை மாணவர்க்கு வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதிக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு மொழியே போதாது என்று அக்காலக் கல்வியாளர் சிலர் எழுதினர். லபோவின் குழுவினர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பேட்டி கண்டபோது முதலில் ஓரசைச் சொற்களே விடையாக வந்தன. அடுத்த முறை பேட்டியாளர் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிவந்தார், சிறுவனின் நண்பனையும் அழைத்துவந்தார், தரையில் அமர்ந்தார். பிறகு பேச்சை நிறுத்துவதே பாடாயிற்று. 1969இல் வெளியான அக்கட்டுரை, குறை பிள்ளையிடம் இல்லை, அளக்கும் முறையில் இருக்கிறது என்று காட்டியது.

அது கட்டுரையோடு நிற்கவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோர் பள்ளி வாரியத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். ஜெனிவா ஸ்மிதர்மன், லபோவ் முதலிய மொழியியலார் சாட்சியம் அளித்தனர். 1979இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார்: பிள்ளைகளின் வீட்டுமொழியை ஆசிரியர்கள் அறிந்துகொள்ளவும், அவ்வறிவைக் கொண்டு வாசிப்புக் கற்பிக்கவும் வாரியம் வழிசெய்ய வேண்டும். ஒலியன்களைப் பற்றிய ஆய்வு ஒரு வகுப்பறைக்குள் நீதிமன்றம் வழியாக நுழைந்தது அன்று.

சிங்கப்பூரில் அதற்கு வழக்கு தேவைப்படவில்லை. தேசியக் கல்விக் கழகத்திலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் நடந்த ஆய்வுகள் இதே திசையைச் சுட்டின. ஹெரால்டு ஷிஃப்மன் பேச்சுத்தமிழுக்கென ஓர் இலக்கண நூலே எழுதி 1999இல் வெளியிட்டார். 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல் முறை மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரவேண்டுமெனப் பரிந்துரைத்தது. எதிர்ப்பு எழுந்தது. தமிழ் கெட்டுவிடும் என்றார்கள். என் மதிப்புக்குரிய நண்பர்கள் சிலர் என்னோடு ஓராண்டு பேசவில்லை. அவர்கள் அச்சத்தை நான் எள்ளவில்லை. சிறுபான்மை மொழிக்கு எழுத்துவழக்கே மானம் காக்கும் ஆடை என்று அவர்கள் கருதினர். எனினும் தொல்காப்பியர் வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் ஆராய்ந்தே நூல் செய்தார் என்று அந்நூலின் பாயிரமே கூறுகிறது. எழுத்துத்தமிழைக் கைவிடச் சொன்னவர் எவருமில்லை. பேச்சுத்தமிழ் என்னும் படி இல்லாமல் மாடிக்குத் தாவச் சொல்ல வேண்டா என்பதே வேண்டுகோள்.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 'வந்தது', 'வந்துச்சு', 'வந்திச்சு' ஆகியவற்றுள் எதைப் பொது வழக்காகக் கொள்வது என்று ஆசிரியர்கள் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். நான் 'வந்துச்சு' என்பேன்; அதை மறுப்போர்க்கும் நியாயம் உண்டு. ஆனால் 'பூனை, மரம்' என்று நின்ற பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், இப்போது எந்தப் பேச்சுவடிவம் தக்கது என்று வாதிடுகிறார்கள். இது நல்ல சண்டை.

பல்கலைக்கழகத்தையும் சற்றுக் குறை சொல்ல வேண்டும். எங்கள் முடிவுகளில் பெரும்பாலானவை ஆங்கில ஆய்விதழ்களில், அத்துறையினர்க்கு மட்டும் விளங்கும் நடையில் வெளிவந்தன. பதவி உயர்வுக்கு அவை எண்ணப்பட்டன. ஆசிரியர் ஓய்வறையில் நிகழ்த்திய உரை எண்ணப்படவில்லை. 1982இல் லபோவ் ஆய்வாளனுக்கு இரு கடமைகளைச் சொன்னார். பரவலான ஒரு தவறான கருத்தைத் தன் தரவுகள் பொய்யாக்குமாயின், அதை இயன்றவரை பலருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு சமுதாயத்திடமிருந்து மொழித்தரவு பெற்றவன், அச்சமுதாயத்துக்குத் தேவை வரும்போது அவ்வறிவைக் கொண்டு உதவ வேண்டும் என்பது மற்றொன்று. அந்தப் பதினோரு பிள்ளைகளுக்கு நான் அவ்வாறு கடன்பட்டவன். முதல் ஏட்டில் நான் எழுதியதை அடித்தேனே தவிர, கிழித்தெறியவில்லை; மாணவர்க்குக் காட்டுவதற்காக இன்றும் வைத்திருக்கிறேன்.

இங்கே அமர்ந்திருக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. மறதிநோய் உண்டா என்று அறிய மருத்துவமனைகளில் மூத்தோரிடம் கேள்விகள் கேட்பதுண்டு. அக்கேள்வியை எழுத்துத்தமிழில் மொழிபெயர்த்து, "தற்பொழுது நடைபெறும் ஆண்டு யாது?" என்று தாதி தாளைப் பார்த்து வாசித்தால், பள்ளி செல்லாத ஒரு பாட்டி விழித்துத்தான் பார்ப்பார். "இப்ப என்ன வருஷம் பாட்டி?" என்று கேட்டால் அவர் சொல்லக்கூடும். இரண்டு விடைகளுக்கும் இடையே ஒரு நோயின் பெயர் இருக்கிறது. அத்தகைய கேள்வித்தாள்களை எடுத்து, நம் மூத்தோர் வாழும் அடுக்குமாடி வீடுகளிலும் தாதிமை இல்லங்களிலும் அமர்ந்து, அவர்கள் பேச்சில் சோதித்துப் பாருங்கள். மருத்துவத் துறையினரோடு சேர்ந்து செய்யுங்கள். ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைக்காதீர்கள்.

ஆசிரியர்களின் கேள்விகளுக்குக் காத்திருக்கிறேன்.