நறுமண ஆற்றின் பெயர் பூண்ட படை

சைகோனில் இருந்த தென் வியட்நாம் அதிபர் மாளிகையின் இரும்புக் கதவை 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாம் டாங்கி இடித்துத் தள்ளிய காட்சி உலகறிந்தது. அந்த டாங்கிக்குப் பின்னால் இருந்த அமைப்புக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை.

1973 வரை வட வியட்நாம் ராணுவத்தில் ‘கோர்’ என்ற நிலையான பெரும்படை கிடையாது. டிவிஷன்கள்தான் நிலையானவை, பெரிய சண்டை வரும்போது சிலவற்றைச் சேர்த்து ஒரு போர்முனைத் தலைமையிடம் ஒப்படைப்பார்கள். 1972இல் தெற்கின் மீது தொடுத்த பெரும் தாக்குதலில் இந்த ஏற்பாட்டின் பலவீனம் தெரிந்தது. ஆன் லோக் நகருக்குள் காலாட்படைத் துணையின்றி நுழைந்த டாங்கிகள் தெருக்களிலேயே எரிந்தன. டாங்கி, பீரங்கி, காலாட்படை, விமான எதிர்ப்பு, பொறியியல் எல்லாம் ஒரே தலைமையின்கீழ் பழகியிருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து 1973 அக்டோபர் 24 அன்று முதல் கோர் பிறந்தது.

1974 மே 17 அன்று துவா தியன் பகுதியில் இரண்டாவது கோர் உருவானது. ஹுவே நகரத்து ஆற்றின் பெயரான ‘ஹுவோங் ஜியாங்’, அதாவது நறுமண ஆறு, இதற்குச் சூட்டப்பட்டது. 304, 324, 325 ஆகிய காலாட்படை டிவிஷன்கள், 673ஆம் விமான எதிர்ப்பு டிவிஷன், 203ஆம் டாங்கி பிரிகேட், 164ஆம் பீரங்கி பிரிகேட், 219ஆம் பொறியியல் பிரிகேட் ஆகியவை இதன் உறுப்புகள். தளபதிக்கு இணையாக அரசியல் கமிசார் ஒருவரும் இருந்தார்.

1975இல் தளபதி நிகுயென் ஹூ ஆன். பிரெஞ்சுக்காரருக்கு எதிரான டியன் பியன் பூ போரில் ஏ1 குன்றுக்காகப் போரிட்ட ரெஜிமென்டை நடத்தியவர். 1965இல் இயா டிராங் பள்ளத்தாக்கில் அமெரிக்கரை எதிர்கொண்டவர். மார்ச் இறுதியில் ஹுவே, டா நாங் இரண்டும் வீழ்ந்தன. அவற்றைக் காக்க 324ஐ விட்டுவிட்டு, ஏப்ரல் 7 அன்று கோர் தெற்கே கிளம்பியது.

உண்மையான சாதனை அந்தக் கடலோர நெடுஞ்சாலைப் பயணம்தான், மாளிகைக் கதவு அல்ல. ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தூரம், தகர்ந்த பாலங்கள். எதிரியிடம் கைப்பற்றிய லாரிகளும் பயணத்துக்கு உதவின. வழியில் பான் ராங். சாம் இன மன்னர்கள் சிவனுக்கு எழுப்பிய போ குளோங் கராய் கோபுரங்கள் உள்ள ஊர் அது. ஏப்ரல் 16 அன்று அது வீழ்ந்தபோது தென் வியட்நாம் லெப்டினன்ட் ஜெனரல் நிகுயென் வின் நீ சிறைபிடிக்கப்பட்டார்.

சைகோனைச் சூழ்ந்த ஐந்து முனைகளில் தென்கிழக்கு இதன் பொறுப்பு. அதிபர் மாளிகையில் இதன் 843ஆம் டாங்கி பக்கவாசலில் சிக்கிக்கொள்ள, 390ஆம் டாங்கி நடுவாசலை உடைத்தது. 843இன் தலைவர் புய் குவாங் தன் கொடியோடு மாடிக்கு ஓடினார்; கதவை உடைத்த புகழும் அவரது டாங்கிக்கே போயிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பின், பிரெஞ்சு நிழற்படக்காரர் பிரான்சுவாஸ் டெமுல்டர் அன்று எடுத்த படங்கள்தான் 390க்கு நியாயம் செய்தன. இப்போது இரண்டுமே தேசியச் செல்வங்கள்.

இதே கோர் பிறகு கம்போடியப் போரிலும் இறங்கியது. 1979இல் சீன எல்லை கொதித்ததும் வடக்கே அழைக்கப்பட்டது. 2023 டிசம்பரில் முதல் கோரும் இரண்டாம் கோரும் இணைந்து 12ஆம் கோர் ஆயின. அடுத்த ஆண்டு மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து 34ஆம் கோர் அமைந்தது.