இருமொழி இல்லமும் பேசத் தாமதிக்கும் குழந்தையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மழலையின் இனிமையை வள்ளுவர் பாடினார். அம்மழலை வரத் தாமதிக்கும் இல்லத்தின் கவலையை நாங்கள் அறிவோம். எங்கள் இளைய மகன் இரண்டு வயதிலும் ஐந்தாறு சொற்களே பேசினான். "வீட்டில் தமிழ், வெளியே இந்தி, குழந்தை குழம்பிவிட்டது. தமிழை நிறுத்திவிடுங்கள்" என்றே காலனியில் பலரும் கூறினர்.

அன்பினால் வந்த அறிவுரைதான், எனினும் உண்மையன்று. இருமொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. 'தண்ணீர்', 'பானி' இரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே எண்ணுதல் வேண்டும். இரண்டு வயதில் இருமொழியிலுமாக ஏறக்குறைய 50 சொற்களும், இரு சொற்களைச் சேர்த்துப் பேசுதலும் இல்லையெனில், காலந்தாழ்த்தாது முதலில் செவிப்புலனைச் சோதித்தல் வேண்டும். 1965இல் மைசூரில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இத்துறைக்கென்றே உள்ளது.

பயிற்சியின் பெரும்பகுதி இல்லத்தில்தான். குழந்தை 'பால்' என்றால் 'சூடான பால்' என நீட்டிச் சொல்லுதல். வினவியபின் ஐந்து எண்ணும் அளவு விடைக்குக் காத்திருத்தல். இவற்றைத் தாய் தன் நெஞ்சறிந்த மொழியிலன்றோ செவ்வனே செய்ய இயலும்? இரவல் மொழியில் ஏவலாம். கதை சொல்ல இயலுமா? தமிழ் நின்றால், ஊரிலுள்ள பாட்டியுடன் பேசும் வழியும் அடைபடும்.

இன்று 4 வயதில் அவன் பாட்டியிடம் தமிழிலும், தோழரிடம் இந்தியிலும் பேசுகின்றான். சில ஒலிகள் இன்னும் திருந்தவில்லை.

அன்பர்களே, பேசாத குழந்தையைக் கண்டால், "ஏன் பேசவில்லை?" என்று பெற்றோரை வினவாதீர்கள், அக்குழந்தையோடு பேசுங்கள்.