எடைச்சீட்டிலிருந்து ஒரு கணக்கு



வட்டாரத் திடக்கழிவு மேலாண்மை பற்றிய கருத்தரங்குக்குச் சுற்றுச்சூழல் அறிஞர் ஒருவரைத்தான் தலைமை தாங்க அழைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நகராட்சிக் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பேரேடு புரட்டிய என்னை அழைத்திருக்கிறீர்கள். குப்பையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது எந்தக் கணக்குத் தலைப்பில் செலவாக ஏறுகிறது என்பதுதான். அதையே பேசிவிட்டுப் போகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு நகராட்சி அலுவலகத்தின் பின்புறம் வேப்பமரம் ஒன்று உண்டு. அதன் நிழலில் பதினொரு பேட்டரி வண்டிகள் வரிசையாக நின்றன. பச்சைப் பெயின்ட் மங்கவில்லை. திட்டத்தின் பெயரும் பளிச்சென்று இருந்தது. பேட்டரிதான் செத்துப்போயிருந்தது. வண்டி வாங்க மானியம் வந்தது. பேட்டரி மாற்ற எந்தத் தலைப்பிலும் பணமில்லை. தூய்மைப் பணியாளர்கள் பழைய தள்ளுவண்டிக்கே திரும்பிவிட்டார்கள். அந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் தேய்மானம் மட்டும் ஒழுங்காக எழுதினோம். நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுதிய தொகைக்கு ஈடாக ஒரு ரூபாயைக்கூடத் தனியே எடுத்து வைக்கவில்லை.

ஓர் ஊரின் கதை இது. பத்து ஊர் சேர்ந்து ஒரே கிடங்கு, ஒரே ஆலை என்று போகும்போது இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோகிறோம்.

சேர்வதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 50 கிலோமீட்டர் வட்டத்துக்குள் உள்ள ஊர்களுக்குப் பொதுவான நிலநிரப்புக் கிடங்கு அமைக்கலாம் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வழிகாட்டின. கிடங்கின் அடியில் விரிக்கும் தடுப்புப் படலம், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அமைப்பு, எடைமேடை, காவல் ஆகியவற்றுக்கு நாளுக்கு 10 டன் வந்தாலும் 200 டன் வந்தாலும் ஒரு குறைந்தபட்சச் செலவு உண்டு. சிறிய பேரூராட்சியால் அதைத் தனியாகத் தாங்க முடியாது. ஆனால் ஆலை பெரிதாகும்போது டன்னுக்கு ஆகும் செலவு இறங்குகிற அதே வேளையில், லாரி ஓடும் தூரம் கூடி டீசல் செலவு ஏறுகிறது. இந்த இரண்டும் சமப்படும் இடம் எது என்று கணக்குப் போடாமல், புறம்போக்கு நிலம் எங்கே கிடைத்ததோ அங்கே ஆலையை வைத்துவிடுகிறோம்.

கட்டுவதற்குப் பணம் வரும் வழி ஓரளவு தெளிவு. தூய்மை இந்தியா நகர்ப்புற இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒன்றியப் பங்கு, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கு 25 சதவீதம், ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை 33 சதவீதம், அதற்குக் கீழே 50 சதவீதம் என்று வகுத்தார்கள். மீதியை மாநிலமும் உள்ளாட்சியும் ஏற்க வேண்டும். கட்டியதை ஓட்டுகிற பணம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்குத் திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் ‘சேவைக் கட்டணம்’ என்று ஒரே சொல்லில் பதில் இருக்கும். சென்னையில் 2020 டிசம்பரில் அந்தக் கட்டணம் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைக்கப்பட்டது. தேர்தல் நெருங்கும் நேரத்தில் எந்த நிர்வாகமும் அப்படித்தான் செய்யும் என்பது என் அனுபவம்.

சரி, கட்டணம் வசூலாகிறது என்றே வைத்துக்கொள்வோம். பொது ஆலையின் செலவை ஊர்களுக்குள் எப்படிப் பங்கு போடுவது? மக்கள்தொகைப்படி என்றால், வீட்டிலேயே பிரித்து, மக்குவதை உரமாக்கி, பாதிக் குப்பையை மட்டும் அனுப்புகிற ஊருக்கு ஒரு காசு லாபமில்லை. எடைப்படி என்றால் நியாயமாகத் தோன்றும். ஆனால் எடைமேடை அருகே ஐப்பசி மாதத்தில் ஒருநாள் நின்று பாருங்கள். டிப்பரின் பின்கதவு இடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் குப்பை என்னவோ கோடையில் வந்த அதே குப்பைதான். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு பேரூராட்சியிலிருந்து நாளுக்கு 10 டன், டன்னுக்கு 600 ரூபாய் என்றால் மாதம் 1,80,000 ரூபாய். மழையில் அது 12 டன் ஆனால் 2,16,000. மழைத்தண்ணீருக்கு மட்டும் 36,000 ரூபாய் கட்டுகிறது அந்தப் பேரூராட்சி.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எடைக் கட்டணத்தை உயர்த்த உயர்த்த, ஆலைக்குப் போக வேண்டிய லாரி வழியில் ஏதாவது ஏரிக்கரையில் காலியாகித் திரும்பும். அதனால் நிரந்தரச் செலவை மக்கள்தொகைப்படியும், மாறும் செலவை எடைப்படியும் இரண்டு பகுதியாக வாங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. வராத லாரிக்கும் நிரந்தரப் பகுதி கட்டியாக வேண்டும் என்றால் ஏரிக்கரையின் கவர்ச்சி கொஞ்சம் குறையும்.

அடுத்தது, குப்பையை வாங்கிக்கொள்ளும் ஊர். தண்ணீரென்றால் எல்லோரும் தலைமடையில் இருக்க ஆசைப்படுவார்கள். குப்பைக்கு அந்த ஆசை யாருக்கும் இல்லை. பல்லாவரம், தாம்பரம் நகராட்சிகள் தங்கள் குப்பையைச் சேர்த்து வேங்கடமங்கலத்துக்கு அனுப்பின. நாற்றமும் நிலத்தடி நீர்க் கவலையும் அந்த ஊராருக்கு, போராட்டமும் அவர்களுடையதே. 2021-இல் இரண்டு நகராட்சிகளும் தாம்பரம் மாநகராட்சிக்குள் ஒன்றாயின. வேங்கடமங்கலம் அப்போதும் வெளியே ஊராட்சியாகவே நின்றது. ஒவ்வொரு டன்னிலிருந்தும் ஏற்கும் ஊராட்சிக்கு ஒரு பங்கு நேரடியாகப் போக வேண்டும். அதைத் தர்மம்போல ஆண்டு முடிவில் கொடுக்காமல், எடைச்சீட்டிலேயே ஒரு வரியாக அச்சிட வேண்டும்.

கிடங்கை மூடும் செலவைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிப்பதில்லை. கிடங்கு 20 முதல் 25 ஆண்டு தாங்க வேண்டும், மூடிய பிறகு குறைந்தது 15 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்றன அதே 2016 விதிகள். கூட்டிப் பாருங்கள்: குறைந்தது 35 ஆண்டு, ஏழு மன்றங்களின் காலம். முதல் மன்றம் ரிப்பன் வெட்டும். ஏழாவது மன்றம் மீத்தேன் குழாயைப் பார்த்துக்கொள்ளும். எடுத்து வைக்காத பணம் என்ன ஆகும் என்பதைப் சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குகளில் பார்க்கிறோம். பழைய குப்பையை அகழ்ந்து பிரிக்கப் பெருங்குடிக்குச் சுமார் 350 கோடி, கொடுங்கையூருக்குச் சுமார் 640 கோடி ரூபாய் என்று திட்டமிட்டார்கள். அகழ்ந்ததில் எரியக்கூடியதை அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்பும்போதுகூட, அத்தனை தூரத்துக்கு லாரி வாடகை அதன் மதிப்பைத் தின்றுவிடுகிறது. பணமாவது பரவாயில்லை. கொழும்பின் மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், குப்பைமேடு வீடுகள்மேல் சரிந்து 32 பேர் மாண்டார்கள்.

டன்னுக்கு ஒரு சிறு தொகையை முதல் நாளிலிருந்தே பிடித்து, எந்த மன்றமும் சம்பளத்துக்காகக் கை வைக்க முடியாத தனிக் கணக்கில் போட வேண்டும். சம்பளத் தேதி நெருங்கும்போது அந்தக் கணக்கின்மேல் கண் போகும் என்பது எனக்குத் தெரியும். என் கண்ணே போயிருக்கிறது. அதனால்தான் பூட்டின் சாவி ஒரே ஊரிடம் இருக்கக் கூடாது என்கிறேன்.

முதல் அமர்வில் பேச வந்திருக்கும் மூன்று பேரூராட்சிச் செயல் அலுவலர்களிடம் ஒன்று கேட்டிருந்தேன். படக்காட்சி எதுவும் வேண்டாம், போன ஐப்பசி மாதத்து எடைச்சீட்டுக் கட்டை மட்டும் எடுத்து வாருங்கள் என்று. ரப்பர் வளையம் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறார்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன், அந்தக் கட்டைப் பிரியுங்கள்.